கணக்கு வராத பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்வது: அன்றும் இன்றும்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் கணக்குப் பாடவேளை எப்படி இருந்தது என்பது அங்கே படித்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். மேசைமேல் பிரம்பு. கரும்பலகையில் பாதியில் நிற்கும் வகுத்தல் கணக்கு. அதை முடிக்க வேண்டிய பிள்ளை சாக்பீஸைப் பிடித்தபடி அசையாமல் நிற்கும். பின்னாலிருந்து குரல் வரும்: “மரமண்டை! உனக்கெல்லாம் கணக்கு ஏறவே ஏறாது. மாடு மேய்க்கத்தான் லாயக்கு.” வகுப்பே சிரிக்கும். வீட்டில் போய்ச் சொன்னாலும் நியாயம் கிடைக்காது. “கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று பள்ளியில் சேர்த்த அன்றே ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர் அப்பா.

இன்று அதே ஊரில் பிரம்பைக் காணோம். நோட்டில் நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வீட்டில் “நீதாண்டா ஜீனியஸ்”, “என் செல்லம்தான் ஃபர்ஸ்ட்” என்று கொஞ்சுகிறார்கள். சில பள்ளிகளின் காலை வழிபாட்டில் “நான் புத்திசாலி, என்னால் எல்லாம் முடியும்” என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்கிறார்கள்.

காலம் மாறியது நல்லதற்குத்தான். ஆனால் அன்றைய பிள்ளைக்கும் இன்றைய பிள்ளைக்கும் மாறாத நேரம் ஒன்று உண்டு. விளங்காத கணக்கின் முன் தனியாக உட்கார்ந்திருக்கும் நேரம் அது. அப்போது பக்கத்தில் ஆசிரியர் இல்லை, அப்பா அம்மா இல்லை. பிள்ளை தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொள்ளும். அந்தப் பேச்சு அதன் கையை நகர்த்தவும் செய்யும், கட்டிப்போடவும் செய்யும். நாம் பிள்ளையிடம் பேசிய பேச்சுத்தான் நாளடைவில் பிள்ளை தன்னிடம் பேசும் பேச்சாகிறது. அன்று பிள்ளையைத் திட்டினோம், இன்று புகழ்கிறோம். இரண்டும் ‘நீ யார்’ என்று தீர்ப்புச் சொல்லும் பேச்சுதான். இடறி நிற்கும் பிள்ளைக்கோ ‘அடுத்து என்ன செய்வது’ என்று சொல்லும் பேச்சு வேண்டும்.

கிணற்றடியில் ஒரு பேச்சு, வகுப்பில் ஒரு பேச்சு

பழைய நாட்களில் பிள்ளைக்குக் கைகொடுக்கும் இந்த வகைப் பேச்சு நம்மிடம் இல்லாமல் போகவில்லை. இடி இடித்தால் “அர்ஜுனா, அர்ஜுனா என்று சொல்லு” என்று பாட்டி சொல்லிக்கொடுத்தாள். இருட்டில் கடைக்கு ஓடும் பிள்ளை “முருகா, முருகா” என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடியது. தேர்வுக்குப் புறப்படுமுன் கந்த சஷ்டி கவசம் சொன்ன வீடுகள் ஏராளம். பயம் வரும்போது மனத்தைப் பற்றிக்கொள்ள ஒரு சொல் வேண்டும் என்பது நம் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதைவிட நல்ல பாடம் கிணற்றில் நடந்தது. இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, படியில் நின்ற மாமா சொன்னார்: “காலை உதை. கையை வீசு. மூச்சை விடாதே, வந்துட்ட, இன்னும் ரெண்டு உதை.” நாலு நாளில் பிள்ளையின் வாய் தானாகவே “காலை உதை, காலை உதை” என்று சொல்லத் தொடங்கும். சைக்கிளும் அப்படித்தான் வந்தது. குரங்குப் பெடல் போடும் பையனின் சீட்டைப் பிடித்தபடி ஓடிவந்த அண்ணன் “கீழே பார்க்காதே, நேராப் பாரு, மிதி” என்றான். அண்ணன் கையை விட்ட பிறகும் அந்த மூன்று சொற்கள் கூடவே வந்தன.

அந்தக் கிணறும் சைக்கிளும் பல வீடுகளில் பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வாசல் இருந்தது. கோலம் பழகும் சிறுமி புள்ளி வைக்கும்போது “ஏழு புள்ளி, இடுக்குப் புள்ளி, நாலு வரை” என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். கம்பியை வளைக்கும்போது “இதைச் சுத்தி, அதுக்குக் கீழே, மேலே வந்து சேரணும்” என்பாள். தப்பானால் புறங்கையால் அழித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

கிணற்றிலும் வாசலிலும் யாரும் பிள்ளைக்குப் பட்டம் கொடுக்கவில்லை. “நீ பெரிய நீச்சல்காரன்” என்று சொல்லவில்லை, “உனக்கு நீச்சல் ஏறாது” என்று கைவிடவும் இல்லை. தண்ணீர் குடித்தால் தூக்கிவிட்டு மறுபடி இறக்கினார்கள். அதே பெரியவர்கள்தான் பள்ளிப் படிப்பு என்று வந்ததும் பேச்சை மாற்றினார்கள். கணக்கில் தவறினால் எந்த இடத்தில் தவறியது என்று பார்க்கவில்லை. தவறியவன் யார் என்று சொன்னார்கள். மக்கு, சோம்பேறி, உருப்படாதவன்.

அந்தச் சொல் எல்லாப் பிள்ளைகள்மீதும் ஒரே கனத்தில் விழவில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாலையில் ஒரு மாமாவோ சித்தியோ கணக்கை மீண்டும் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அப்படி யாரும் இல்லை. “உங்கப்பன் தொழிலுக்கே போ” என்று வாத்தியார் சொன்னால், அதை மறுத்துச் சொல்ல வீட்டில் எழுத்தறிந்த ஆள் இல்லை. ஆகவே பிள்ளை அதை நம்பியது. “எனக்குப் படிப்பு வராது” என்று தானே சொல்லிக்கொண்டு நின்றுபோனது. அப்படி நின்றுபோனவர்கள் இன்று அறுபது வயதிலும் மருந்துச் சீட்டையோ வங்கிப் படிவத்தையோ பார்த்தால், “எனக்கு இதெல்லாம் வராதுப்பா” என்று தள்ளிவைப்பதைப் பார்க்கிறோம். என்றோ ஒருவர் கோபத்தில் சொன்னது அவர்கள் வாயில் சொந்தக் கருத்தாக நிலைத்துவிட்டது.

வாயைப் பொத்திய வகுப்பு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்தை எழுதியபடியே வாய்விட்டுச் சொன்னார்கள். கையும் வாயும் சேர்ந்தே வேலை செய்தன. 1789இல் சென்னை எழும்பூரில் ராணுவ ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து அதை 1797இல் நூலாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்துக்குப் போனது. அதற்காகத் திண்ணைப் பள்ளியைக் கொண்டாட வேண்டியதில்லை. பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம் போன்ற கொடுமையான தண்டனைகளும் அங்கேதான் இருந்தன. ஆனால் கற்கும் பிள்ளை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதை அது குற்றமாக நினைக்கவில்லை.

பின்னால் வந்த வகுப்பறை அதைக் குற்றமாக்கியது. “கையைக் கட்டு, வாயைப் பொத்து” என்பதே முதல் கட்டளை. முணுமுணுத்துக்கொண்டே கணக்குப் போட்டால் “என்னடா அங்கே பேச்சு?” என்று அதட்டல் வரும். வீட்டில் தனியாக விளையாடும் பிள்ளை தன்னோடு பேசினால், “தனியாப் பேசாதே, பைத்தியம்னு சொல்வாங்க” என்பார்கள்.

பிள்ளைகளின் இந்தப் பேச்சை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே. 1923இல் வெளிவந்த நூலில், பிறர் கேட்கிறார்களா என்ற கவலையின்றிப் பிள்ளை பேசும் பேச்சை முதிராத மனத்தின் அடையாளமாக அவர் கண்டார். வளர வளர அது உதிர்ந்துவிடும் என்பது அவர் கருத்து. ரஷ்யாவின் லெவ் விகோட்ஸ்கி அதை மறுத்தார். பிள்ளைகள் வரையும்போது வேண்டுமென்றே ஒரு தடங்கலை உண்டாக்கிப் பார்த்தார். காகிதம் இருக்காது, அல்லது வேண்டிய நிறத்துப் பென்சில் இருக்காது. அந்த நேரத்தில் பிள்ளைகள் தம்மோடு பேசிக்கொள்வது ஏறக்குறைய இரு மடங்காகியது. நீலப் பென்சில் எங்கே என்று தேடிய ஒரு பிள்ளை, சரி, சிவப்பில் வரைந்து தண்ணீரால் நனைத்தால் கருத்து நீலம்போல் ஆகிவிடும் என்று தனக்கே சொல்லி வழி கண்டுபிடித்தது.

கஷ்டம் வரும்போதுதான் பிள்ளை தன்னோடு அதிகம் பேசுகிறது. அது வெட்டிப் பேச்சன்று, யோசனையின் வேலை. வெளியே கேட்கும் அந்தப் பேச்சு பிறகு முணுமுணுப்பாகி, பள்ளி வயதில் உள்ளே இறங்கி மௌனமான சிந்தனையாகிறது என்றார் விகோட்ஸ்கி. 1934இல் 37 வயதில் காசநோயால் அவர் இறந்தார். ‘சிந்தனையும் மொழியும்’ என்ற அவரது நூல் அந்த ஆண்டுதான் வெளிவந்தது. அவர் கருத்து நம் வகுப்பறைகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அதுவரை நாம் பிள்ளைகளை வாயைப் பொத்த வைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வகுத்தல் கணக்கு

தன்னோடு பேசும் அந்தப் பேச்சைப் பிள்ளைக்குக் கற்றுத்தர முடியுமா? 1971இல் கனடாவின் உளவியலாளர் டொனால்ட் மைக்கன்பாம், ஜோசப் குட்மன் என்பவரோடு சேர்ந்து ஒரு முறையை வெளியிட்டார். எதையும் அவசரமாகச் செய்து தப்பு விடும் பிள்ளைகளுக்கானது அது. ஐந்து படிகள். முதலில் பெரியவர் வாய்விட்டுப் பேசிக்கொண்டே வேலையைச் செய்து காட்டுவார். அடுத்து, அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்யும். மூன்றாவதாகப் பிள்ளை தானே உரக்கச் சொல்லிக்கொண்டு செய்யும். நான்காவதாக முணுமுணுத்துக்கொண்டு. ஐந்தாவதாக மனத்துக்குள். இதில் முக்கியமான ஒரு நுணுக்கம் உண்டு. செய்து காட்டும் பெரியவர் வேண்டுமென்றே நடுவில் ஒரு தப்புச் செய்து, பதறாமல் திருத்தியும் காட்டுவார்.

இதை நம் வீட்டுக்குக் கொண்டுவருவோம். நான்காம் வகுப்புப் பிள்ளை. 432ஐ 6ஆல் வகுக்க வேண்டும். பென்சிலைக் கடித்துக்கொண்டு “எனக்கு வகுத்தல் வராதும்மா” என்கிறது. “அதெல்லாம் வரும், நீ புத்திசாலி” என்று சொல்லாமல் அம்மா நோட்டை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொள்கிறாள். உரக்கப் பேசுகிறாள்:

“என்ன கேட்டிருக்கான்? 432ல எத்தனை ஆறு இருக்குன்னு கேட்டிருக்கான். முதல்ல 4. நாலுல ஆறு போகாது. அப்ப 43ஐ எடுத்துக்கறேன். ஆறெட்டு 48. அய்யோ, 43ஐத் தாண்டிப் போச்சு. பரவாயில்லை, அழிச்சுக்கலாம். ஒண்ணு குறைச்சுப் பார்க்கறேன். ஆறேழு 42. சரி, இது போகும். 43ல 42 போனா மீதி 1. 2ஐ இறக்கறேன். 12 ஆச்சு. ஆறிரண்டு 12. மீதி இல்லை. விடை 72. சரிதானான்னு பெருக்கிப் பார்க்கறேன்.”

அடுத்த கணக்கைப் பிள்ளை போடட்டும். அம்மா கூடவே சொல்லட்டும். அதற்கடுத்ததைப் பிள்ளையே உரக்கச் சொல்லிப் போடட்டும். மூன்று நாள் கழித்துக் காது கொடுத்துக் கேட்டால் “போகாது... அப்ப அடுத்ததையும் சேர்த்துக்கறேன்” என்ற முணுமுணுப்பு வரும். “பரவாயில்லை, ஒண்ணு குறைச்சுப் பார்க்கறேன்” என்பதும் கூடவே வரும். அந்தக் கடைசி வாக்கியம் கணக்கு நோட்டோடு நின்றுவிடாது. நாளை வேறொரு கஷ்டத்திலும் அதன் வாய்க்கு வரும்.

அம்மாவுக்கு வகுத்தல் தெரிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஊசியில் நூல் கோக்கும்போதும், தோசை கல்லில் ஒட்டிக்கொள்ளும்போதும், வண்டி ஸ்டார்ட் ஆகாதபோதும் நாம் நம்மிடம் பேசுகிறோம். “சனியன், இன்னைக்குன்னு பார்த்துத்தான் இப்படி ஆகணுமா” என்று நாம் சொன்னாலும் பிள்ளை கேட்கிறது. “கல்லு சூடு பத்தலை போல. அடுப்பைக் கொஞ்சம் கூட்டி வைக்கறேன், அடுத்த தோசை சரியா வரும்” என்றாலும் கேட்கிறது. இந்தப் பாடத்துக்குக் கட்டணம் இல்லை, பாடநூலும் தேவையில்லை.

புகழ்ச்சியின் காலம்

நல்லதை நினைத்து நல்லதைச் சொல்லிக்கொண்டால் நல்லது நடக்கும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவ ஒரு பிரெஞ்சு மருந்தாளுநர் காரணமாக இருந்தார். எமீல் குவே என்பவர். நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தேறிவருகிறேன் என்ற பொருளில் ஒரு வாக்கியத்தைக் காலையும் இரவும் இருபது முறை சொல்லச் சொன்னார். 1920களில் அது பெரும் புகழ் பெற்றது. தமிழில் இந்த எண்ணத்தை இளைஞர்களிடம் கொண்டுபோனவர் எம்.எஸ். உதயமூர்த்தி. அவருடைய ‘எண்ணங்கள்’ நூலைத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்த தலைமுறை ஒன்று உண்டு. 1988இல் வந்த ‘உன்னால் முடியும் தம்பி’ படத்தின் நாயகனுக்கு அவர் பெயரையே கே. பாலசந்தர் வைத்தார். தன்னைத் தாழ்த்தியே பழகிய சமூகத்தில் “என்னால் முடியும்” என்ற சொல் பலரை எழுந்து நடக்க வைத்தது. அதை மறக்கக் கூடாது. ஆனால் உதயமூர்த்தி பேசியது செயலில் இறங்கக் காத்திருந்த இளைஞர்களிடம். அதே சொல் செயலைத் துறந்து, எட்டு வயதுப் பிள்ளையின் வாயில் வெறும் கோஷமாகும்போது பலன் வேறாகிறது.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் முயன்று பார்த்தார்கள். மக்களின் சுயமதிப்பை உயர்த்தினால் சமூகத்தின் பல சிக்கல்கள் தீரும் என்று நம்பி, 1986இல் கலிபோர்னியா மாநிலம் அதற்கென ஒரு குழுவையே அமைத்தது. பள்ளிகள் புகழ்ச்சியில் குளித்தன. பிறகு 2003இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் சகாக்களும் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, சுயமதிப்பை ஏற்றுவதால் மட்டும் படிப்பு உயரும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

புகழ்ச்சி எப்படித் திரும்பி அடிக்கும் என்பதை 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் காட்டினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். சரியாகச் செய்தபின் சிலரிடம் நீ புத்திசாலி என்றும், சிலரிடம் நீ நன்றாக உழைத்தாய் என்றும் சொன்னார்கள். அடுத்து வந்த கடினமான புதிர்களில் இரு தரப்பினரும் தடுமாறினார்கள். புத்திசாலி என்று கேட்டவர்கள் சீக்கிரம் சலித்தார்கள். அதற்குப் பின் வந்த எளிய புதிர்களிலும் பின்தங்கினார்கள். உழைப்புக்காகப் பாராட்டு வாங்கியவர்கள் விடாமல் முயன்று முன்னேறினார்கள். காரணம் எளிது. கணக்கு வந்ததால் நான் புத்திசாலி என்றால், கணக்கு வராதபோது நான் யார்?

கனடாவின் ஜோன் வுட் 2009இல் வெளியிட்ட ஆய்வு பெரியவர்களைப் பற்றியது. தம்மைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்களிடம், நான் அன்புக்குரியவன் என்ற பொருளுள்ள வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் மனம் தேறவில்லை, இன்னும் சோர்ந்தது. வாய் சொல்வதை மனம் நம்பாதபோது, சொல்லும் ஒவ்வொரு தடவையும் அது பொய் என்பதே நினைவுக்கு வரும்.

பிள்ளைகளிடமே இதை நேராகச் சோதித்தது நெதர்லாந்தில் நடந்த, 2019இல் வெளிவந்த ஆய்வு. சாண்டர் தோமாஸ் குழுவினர் 9 முதல் 13 வயது வரையுள்ள 212 பிள்ளைகளுக்குக் கணக்குத் தேர்வு வைத்தார்கள். தேர்வின் நடுவில் ஒரு பகுதியினரை, என்னால் முடிந்தவரை முயல்வேன் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரை, நான் இதில் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ளச் சொன்னார்கள். தமக்குக் கணக்கு வராது என்று நினைத்த பிள்ளைகளுக்கு முதல் வாக்கியம் உதவியது. இரண்டாவது உதவவில்லை. எந்தப் பிள்ளைக்கு நாம் “நீ கெட்டிக்காரன்” என்று ஆசையோடு சொல்கிறோமோ, அதற்குத்தான் அந்தச் சொல் கைகொடுக்கவில்லை.

சட்டம் மாறியது, வீடு?

தமிழ்நாட்டில் மாறியவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு பிள்ளையை அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைப் புண்படுத்தித் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. வகுப்பில் ஒரு பிள்ளையை இழிவாகப் பேசிக் கூனிக்குறுக வைப்பது இன்று ஆசிரியரின் உரிமை அல்ல.

தேர்வு முடிவுகள் வரும் நாளும் மாறியது. அன்று மாலைப் பத்திரிகையில் தேர்வு எண்கள் வரிசையாக வரும். டீக்கடை வாசலில் கூட்டமாக நின்று ஊரே பார்க்கும். எண் இல்லையென்றால் பையன் அங்கேயே தோற்றவன் ஆனான். இன்று முடிவு கைப்பேசிக்கு வருகிறது. 2017 முதல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அரசு அறிவிப்பதில்லை. தவறியவர்கள் ஓரிரு மாதத்தில் துணைத் தேர்வு எழுதலாம். முடிவு வரும் நாட்களில் 104 என்ற எண்ணில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை கிடைக்கிறது. 2022இல் தொடங்கிய 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணும் இருக்கிறது.

ஆனால் டீக்கடையில் நின்ற கூட்டம் இன்று வாட்ஸ்அப் குழுவில் நிற்கிறது. “பக்கத்து வீட்டுப் பொண்ணு 480, நீ எவ்வளவு?” என்ற கேள்விக்குச் சட்டம் தடை போட முடியாது. ஜீனியஸ் என்று கொஞ்சிய அதே வாய், மார்க் குறைந்த அன்று “உனக்காக எவ்வளவு செலவு பண்ணினோம்” என்கிறது. பிள்ளை இரண்டையும் கேட்கிறது. அன்றைய பிள்ளைக்கு வசவு மட்டும்தான் வந்தது, அதில் ஏமாற்றம் இல்லை. இன்றைய பிள்ளை உச்சியிலிருந்து விழுகிறது. அந்த வலியைக் குறைத்து மதிப்பிடாதீர்கள்.

சிங்கப்பூரில் சொன்ன ஒரு சொல்

இப்படி விழும் நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதற்கு நம் ஊரிலேயே அழகான சான்று உண்டு. 2024 நவம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி. சென்னையின் 18 வயது குகேஷ் முதல் ஆட்டத்திலேயே, அப்போது பட்டத்தை வைத்திருந்த டிங் லிரெனிடம் தோற்றார். லிஃப்டில் விஸ்வநாதன் ஆனந்தைச் சந்தித்ததாகப் பிறகு குகேஷ் சொன்னார். ஆனந்த் சொன்னதன் சாரம் இதுதான்: எனக்கு 11 ஆட்டங்கள்தான் மீதி இருந்தன, உனக்கு 13 இருக்கின்றன. 2010இல் சோபியாவில் டோபலோவுடன் நடந்த 12 ஆட்ட உலகப் பட்டப் போட்டியில் முதல் ஆட்டத்தைத் தோற்றுப் பட்டத்தைக் காத்தவர் ஆனந்த்.

கவனியுங்கள். நீ மேதை, நீதான் வெல்வாய் என்று அவர் சொல்லவில்லை. தோல்வியைச் சின்னதாக்கிக் காட்டவும் இல்லை. தானும் அங்கே நின்றவன் என்றார், இன்னும் எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று எண்ணிக் காட்டினார். இரண்டும் உண்மை. உண்மையானதால்தான் அதைப் பையன் மனத்தில் எடுத்துக்கொண்டு போக முடிந்தது. மூன்றாவது ஆட்டத்தை வென்றார். டிசம்பர் 12 அன்று பதினான்காவது ஆட்டத்தையும் வென்று உலகப் பட்டம் பெற்றார். அந்தப் போட்டிக்கு மனப்பயிற்சியாளர் பேடி அப்டனோடு சேர்ந்து தயாரானவர் அவர். உலக வீரனுக்கே மனத்தோடு பேசப் பயிற்சி வேண்டியிருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வேண்டாமா?

வீட்டில் செய்யக்கூடியவை

பிள்ளை “எனக்கு வராது” என்று சொன்னால் உடனே மறுக்க வேண்டாம். “எந்த இடம் வரலை? காட்டு” என்று கேளுங்கள். ‘வராது’ என்ற மலை அப்போது ஒரு குறிப்பிட்ட வரியாகச் சுருங்கும். அந்த வரிக்கு வழி சொல்லலாம்.

பாராட்டும்போது பட்டம் கொடுக்காமல் செய்ததைப் பாராட்டுங்கள். “முதல் தடவை தப்பாச்சு, நீயே அழிச்சுட்டு வேற வழியில போட்டியே, அது நல்லா இருந்தது.” நாளை பிள்ளை தனக்கே சொல்லிக்கொள்ளக்கூடிய வாக்கியம் இது. “சூப்பர்” என்பதை எடுத்து வைத்துக்கொண்டு கஷ்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

சின்னப் பிள்ளைகளுக்கு வேடம் கைகொடுக்கும். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 4 வயது, 6 வயதுப் பிள்ளைகளுக்குச் சலிப்பான ஒரு வேலையைக் கொடுத்து, பக்கத்தில் விளையாட்டுக் கருவியையும் வைத்தார்கள். பேட்மேன் போன்ற வீரனாக வேடமிட்டு, பேட்மேன் நன்றாக உழைக்கிறானா என்று தம்மைக் கேட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் தாக்குப்பிடித்தார்கள். நம் வீட்டில் அது சோட்டா பீமாக இருக்கலாம், அர்ஜுனனாக இருக்கலாம். தன்னைச் சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது பயத்தின் பிடி தளர்கிறது.

பள்ளி வயது வந்துவிட்டால் இரண்டு வாக்கியங்கள் போதும். ஒன்று பதற்றத்துக்கு: “பயமாத்தான் இருக்கு, முதல் கேள்வியை மட்டும் பார்க்கறேன்.” ஒன்று தப்புக்கு: “இது தப்பு. எங்கே தப்பாச்சுன்னு பார்த்துத் திரும்பப் போடறேன்.” பிள்ளை தன் சொல்லில் மாற்றிக்கொள்ளட்டும். நாம் கொடுத்த வசனத்தைவிட அது தானே கண்டுபிடித்த வாக்கியம் நிற்கும். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு படித்தால் தடுக்காதீர்கள். வகுப்பிலும் முணுமுணுத்துக் கணக்குப் போடும் பிள்ளைகளை ஆசிரியர்கள் பேசும் குற்றத்துக்காக நிறுத்த வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். நல்ல வாக்கியம் எல்லாவற்றுக்கும் மருந்தாகாது. எழுத்துகளை இடம் மாற்றிப் படிக்கும் பிள்ளைக்கு “முயற்சி செய்” என்று மட்டும் சொல்வது கொடுமை. அதற்குக் கற்றல் குறைபாட்டைக் கண்டறியும் சோதனையும் தனிப் பயிற்சியும் தேவை. வகுப்பில் சாதி சொல்லிக் கேலி செய்தால் பிள்ளையின் மனத்தைத் திருத்தக் கூடாது, கேலியை நிறுத்த வேண்டும். பசியோடு வந்த பிள்ளைக்கு முதலில் சோறு. வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், “நான் எதுக்கும் லாயக்கில்லை” என்று திரும்பத் திரும்பச் சொல்லும் பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். இன்று மாலை பிள்ளை ஏதாவது ஒன்றில் இடறும்போது, திட்டவும் வேண்டாம், புகழவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து “அடுத்து என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். விடை வரும்வரை பொறுங்கள். நாளைக்கும் அதையே கேளுங்கள். ஒரு நாள் நீங்கள் இல்லாத தேர்வு அறையில் அந்தக் கேள்வியைப் பிள்ளை தன்னிடமே கேட்கும். அதைவிடப் பெரிய சீதனம் எதையும் நாம் அதற்குக் கொடுத்துவிட முடியாது.